வெள்ளையம்மாளின் பசுவுக்குக் கண் நோய் இல்லை

1

“கண்ணமுது கொடுத்தேன், டாக்டர். வேறொண்ணும் இல்லை.”

“எந்தக் கண்ணுக்குங்க?”

“என்ன எந்தக் கண்ணு? வாய்க்குத்தான்!”

“கண் மருந்தை வாயில ஊத்தினீங்களா?”

இதை நான் காதால் கேட்டதால்தான் இந்தக் கதை. 1958இல், துவாதசிக்கு மறுநாள், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீட்டு வாசல். கேள்வி கேட்டவர் புத்தூரிலிருந்து வந்த கால்நடை டாக்டர் பஷீர் அகமது. சொன்னவர் அந்த வீட்டுச் செங்கமலத்தம்மாள். இருவருக்கும் நடுவே வயிறு உப்பிப் படுத்திருந்தது, பால்கார வெள்ளையம்மாளின் ஒரே பசு.

“இது போச்சுன்னா எங்க அடுப்பும் போச்சுங்க” என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் தன் கம்பளிக் கோட்டை…’

(ஸ்ரீரங்கத்தில் கம்பளிக் கோட்டு போட்டால் டாக்டருக்கே டாக்டர் வேண்டும். அந்த வாரம் முழுக்க நான் படித்தது மொழிபெயர்ப்பு நாவல்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது: ‘பசு மரணத்தை நேருக்கு நேர்…’ பசு என்னைப் பார்த்த பார்வையில் அதையும் அடித்துவிட்டேன்.

3

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ஏகாதசி உபவாசம் முடிந்த துவாதசியன்று அந்தத் தெருப் பசுக்களுக்கு விருந்து. மறுநாள் அவை ஏன் படுத்துவிடுகின்றன என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. வீடு வீடாக ஒரே கேள்வி கேட்பார்.

“மாட்டுக்குச் சோறு போட்டீங்களா?”

“சோறா! எங்காத்துல ஏது சோறு?” செங்கமலத்தம்மாளுக்குக் கோபம்.

(அந்த ஐயங்கார் வீட்டில் வெந்தால் அது தளிகை; ‘சோறு’ என்ற சொல்லே கிடையாது. ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் பல மாதமாக நின்றுகொண்டிருந்தது.)

கண்ணமுதைக் கண் மருந்து என்றே நம்பிய டாக்டர் பசுவின் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். வெள்ளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, கண்ணமுதுன்னா பாயசம்ங்க! அரிசிப் பாயசம்!”

“பாயசமா? எவ்வளவு?”

“மீந்ததுதான்,” என்றார் செங்கமலத்தம்மாள், குரல் இறங்கி. “ஒரு அண்டா. பெருமாள் கண்டருளின பிரசாதம், வீணாக்கலாமோ?”

டாக்டர் கண்ணை விட்டு வயிற்றுக்குத் தாவினார். “வெந்த அரிசியும் வெல்லமும் மாட்டு வயித்துல புளிக்கும்மா. காத்து அடைச்சுக்கும். ஆப்பச் சோடா இருக்கா?”

மடிசாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கமலத்தம்மாள் ஓடியதைப் பற்றித் தனிக் கதையே எழுதலாம். சோடாவைக் கரைத்து, வாய் வழியே குழாய் விட்டு ஊற்றியாயிற்று.

“இனி ஏப்பம் வரணும். வந்தா அசை போடும். போட்டா பொழைச்சுது.”

“வரலேன்னா?” என்றார் செங்கமலத்தம்மாள்.

டாக்டர் மறுபடியும் பசுவின் கண்ணைப் பார்த்தார்.

4

முடிவுகள் கைவசம் உண்டு. பசு துள்ளி எழுகிறது (நம்ப மாட்டீர்கள்). பசு இறக்கிறது, டாக்டர் பனியில் தனியே நடந்து… (மறுபடியும் பனி!). செங்கமலத்தம்மாள் அன்று முதல் பாயசமே…

இதற்கு மேல் பேனா நகரவில்லை. வரிகளுக்குள்ளிருந்து வெள்ளையம்மாள் நிமிர்ந்து பார்க்கிறாள். ஒரு கை இன்னும் பசுவின் வயிற்றின் மேல்.

“தம்பி, நீங்கதான எழுதறீங்க? பனியெல்லாம் வேணாங்க. ஒரே ஒரு ஏப்பம் எழுதிடுங்களேன்.”