நேராக நின்ற சுரப்பிகள்

கட்டுரையை வெளியிட ஆய்விதழ்க்காரர்கள் கேட்டது ஒரே ஒரு படம். கர்ப்பப்பைத் திசுவை உருவம் கலையாமல் சீவி, சாயமேற்றி எடுத்த படம். அந்த ஆராய்ச்சியாளர் அதுவரை திசுவை முழுதாகப் பார்த்ததே இல்லை. வந்த துண்டைக் கரைத்து, எண்ணும் இயந்திரத்துக்குள் விட்டு, நோய் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை என்று கணக்கெடுப்பதுதான் அவள் வேலை. இயந்திரம் பொய் சொல்லாது என்று அப்படி ஒரு நம்பிக்கை. சொல்லாதுதான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் இரண்டு கண்ணாடிச் சில்லுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களின் திசுவில் சுரப்பிகள் சுருண்டு நெளிந்திருந்தன. அது மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதிக்கு அடையாளம். ஒப்பிடுவதற்காக ஆரோக்கியமான பெண்களிடம் எடுத்த திசுவிலோ ஒவ்வொன்றும் குச்சி மாதிரி நேராக நின்றது. அது முன்பாதி. அந்தப் பெண்களுக்கு வேறொரு சிகிச்சைக்காக மாதவிலக்கு முடிந்த கையோடு தேதி கொடுத்து, அப்போதே திசுவையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பின்பாதியில் இந்த எதிர்ப்பு அணுக்கள் எந்தப் பெண்ணுக்கும் பெருகத்தான் செய்யும். கரு கலைகிறவர்களுக்கு எதிர்ப்பு அணுக்கள் அதிகம் என்று மாநாட்டில் முழங்கினாளே, அந்த வித்தியாசம் வெறும் தேதியால் வந்தது.

கட்டுரை போனால் போகட்டும். சிட்டு?

சிட்டு அவளுடைய நாத்தனார். மூன்று கரு கலைந்து, நான்காவதைச் சுமப்பவள். எங்கள் அண்ணி கண்டுபிடித்தது என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவளும் அவள்தான். அந்த மாநாட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனை, எதிர்ப்பு அணுக்களை அடக்குகிறேன் என்று நரம்பில் மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தது. சிட்டுவுக்கு இன்று காலை முதல் பாட்டில். கருவுக்கு ரத்தம் போகக் குழாய்களை அகலப்படுத்திக் கொடுப்பதும் இதே அணுக்கள்தான். அவற்றைப் போய் அடக்கினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

சிட்டுவின் போன் அணைந்திருந்தது. கூடப் போயிருந்த தன் மாமியாருடையதும் அப்படியே. டாக்சியில் ஏறினாள், சிக்னல்கள் சொல்லி வைத்த மாதிரி சிவப்பாயின. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்ற நினைப்பும் வழியில் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்ப்பதென்ன, பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது. ஆனால் ஆராய்ச்சி முடிவைக் கேட்ட நாளிலிருந்து சிட்டு வயிற்றின் மேல் கை வைப்பதையே விட்டிருந்தாள். தன் உடம்பே தன் பிள்ளைகளைத் தின்றுவிட்டதாக நம்பியிருந்தாள். இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள் இவள்.

மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது சிட்டுவின் கையில் ஊசி ஏறி, பிளாஸ்திரியும் ஒட்டியாகிவிட்டது. நர்ஸ் குழாயின் திருகில் விரல் வைத்திருந்தாள்.

"திறக்காதீங்க."

நர்ஸ் விரலை எடுத்தாள். கட்டிலருகே நின்றபடியே இவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மாமியாருக்குச் சுரப்பி, சுழற்சி ஒன்றும் புரியவில்லை. மருமகள் தப்பு செய்துவிட்டாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"நீ சொன்னேன்னுதானே இங்க வந்தோம். இப்ப வேணாங்கிற. நாளைக்கு இதுவும் போச்சுன்னா?"

"என்னைக் கேளுங்க அத்தை. மருந்து ஏத்திப் போச்சுன்னாலும் என்னைத்தான் கேக்கணும்."

சிட்டு அழவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

"அப்ப மூணு தடவையும் நான் கொல்லலையா அண்ணி?"

"நீ ஒண்ணும் பண்ணல. அப்படி நினைக்க வச்சது நான்தான்."

"பின்ன ஏன் போச்சு?"

மேடையில் இதே கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னவள்.

"தெரியல சிட்டு. எனக்குத் தெரியல."

 சிட்டு ஊசியை எடுத்துவிடும்படி நர்ஸிடம் சொன்னாள். மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊசி வெளியே வந்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது. பஞ்சை வைத்து, சிட்டுவையே இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள் நர்ஸ்.

"நீங்க பிடிங்க அண்ணி."

இவள் பஞ்சை அழுத்தினாள். சிட்டு அந்த இன்னொரு கையை மெல்லக் கொண்டுபோய்த் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.