இறுகாத காது

என் மாமனாரின் இடது காதைக் கெடுத்தது நான்தான். பிறவிக் காதை அல்ல; அதை டாக்டர்கள் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். நான் கெடுத்தது, எங்கள் பட்டறையில் சிலிகோனில் வார்த்த மாற்றுக் காதை. அச்சைத் திறந்தால் காதுக்குப் பதில் பிசுபிசுவென்று ஏதோ ஒன்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

“எந்தக் கையுறை போட்ட?” என்றார் அக்கா. பட்டறையில் எங்களுக்கெல்லாம் மேல் அவர்தான்.

“சுத்தமா இருக்கணும்னு புதுசா வாங்கினேங்க்கா. ரப்பர்.”

“ரப்பர்ல கந்தகம் இருக்கு தம்பி. அது பிளாட்டினத்தைப் பிடிச்சு உக்கார வெச்சிருச்சு. இனிமே சங்கிலிக்குச் சங்கிலி யாரு முடிச்சுப் போடுவா, உன் மாமனாரா?”

சிலிகோன் என்பது நீள நீளமான சங்கிலிகள். இரண்டு டப்பாக்களில் வரும் அதன் இரு பாகங்களையும் கலந்ததும் துளியூண்டு பிளாட்டினம் தரகர் மாதிரி ஓடியாடி, அவற்றைக் குறுக்கே பிணைத்துவிடும். அப்போதுதான் குழம்பு காதாகும். அந்தத் தரகரின் வாயைத்தான் நான் அடைத்திருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் சூடு காட்டினா?”

“கல்லை வேகவெச்ச மாதிரிதான்.”

மாமனார் தையற்காரர். மூக்குக்கண்ணாடியை ஒரு பக்கம் மாட்ட இடமில்லை. குனிந்தால் துணிமேல் விழும். திங்கட்கிழமை கடை திறப்பதாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டிருந்தார். ஊரின் மறுகோடியில் பெரிய பட்டறை இருந்தும், “இவர் பிரமாதமா செய்வார்ப்பா” என்று என் மனைவி அளந்துவிட்டாள். அவர் “பாப்போம்” என்றார். நான் பெண் கேட்டுப் போனபோதும் இதையேதான் சொன்னார். கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. மனிதர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய அச்சையே மறுபடி கழுவினேன். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன்.

“உக்காரு தம்பி, தரை தேயுது.”

கண்ணாடியைத் தலையோடு நாடாவால் கட்டிக்கொண்டு வந்து நின்றார் மாமனார். நடந்ததைச் சொன்னேன். பிசுபிசுப்பை இரு விரலால் தொட்டு, நூலின் முறுக்கைச் சோதிப்பவர்போல் இழுத்துப் பார்த்தார்.

“திங்கட்கிழமைக்குள்ள ஆகாது மாமா. அந்தப் பெரிய பட்டறைக்கே போயிடறீங்களா?”

“பாப்போம்.”

என் வாய் சும்மா இருக்குமா? “இதையாவது பட்டுனு சொல்லிடுங்க மாமா. என் மேல நம்பிக்கை இருக்கா, இல்லையா?”

அக்கா மேசை துடைப்பதை நிறுத்தினார்.

மாமனார் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“உங்க வேலை மேல சுத்தமா இல்ல, மாப்பிள்ளை. உங்க மேல இருக்கு. கடையை அப்புறம் திறந்துக்கறேன். இன்னொண்ணு ஊத்துங்க.”