ஸ்டூல் இருந்த மூலை

மனைவி இறந்த மூன்றாவது வாரத்திலிருந்து அச்சகக்காரரின் கம்ப்யூட்டரில் ஐகான்கள் தாமாகவே இடம் மாறின. முதல் நாள் நாற்பத்தொன்று மாறின, மறுநாள் நாற்பத்தாறு. காலையில் கடை திறந்ததும் அவற்றைப் பெயர் வரிசையில் அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வருவதற்குள் அவை கலைந்து, திரையில் ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கலைசலுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். கடையில் டைப் செய்தவள் அவர் மனைவி. மிஷின் ஓட்டியவர் அவர். காத்திருப்பவர்களுக்கு ஏழு நாற்காலிகள். யார் எந்த நாற்காலியில் உட்காருவாரோ, திரையிலும் அதே இடத்தில் அவருடைய ஃபைலை வைப்பது அவள் பழக்கம். எப்போதும் அவசரத்தில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் வாசலோரம், அதாவது இடது விளிம்பு. ஃபேனுக்கு நேர்கீழே தையற்காரி. தண்ணீர்க் கேன் பக்கத்தில், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத கணக்கு வாத்தியார். எதையும் பெயர்வாரியாக அடுக்காவிட்டால் சோறு இறங்காத அச்சகக்காரருக்கு இது இருபத்திரண்டு வருஷத் தலைவலி. அவரை எல்லோரும் வரிசைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்னடி இது, ஆடு மேஞ்ச தோட்டமாட்டம்?" என்பார்.

"பேரு மறந்துபோகுங்க. மூஞ்சி மறக்காது," என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் இறந்த அன்று இரங்கல் அட்டையை அவரே இரண்டு விரலால் தட்டினார். தொழிலில் எல்லோரும் செய்வதுபோல வேறு யாருக்கோ அடித்த பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினார், வயதை மாற்றினார், படத்தை மாற்றினார். நேரத்தை மாற்ற மறந்துவிட்டார். அச்சுக்குப் போகும் எதையும் ஒரு தடவை படித்துத் தப்புக் கண்டுபிடிக்கிறவள் அன்றைக்குக் கடையை ஒட்டிய உள்ளறையில் படுத்திருந்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளை எடுத்தார்கள். அட்டையில் பதினொன்று என்று இருந்தது. ஏழு நாற்காலிக்காரர்களும் பூவும் கையுமாகச் சரியாகப் பதினொன்றுக்கு வந்து நின்றபோது உள்ளறை காலியாக இருந்தது. "மூஞ்சியக்கூடப் பாக்க முடியலையே அண்ணே," என்று தையற்காரி மட்டும் சொன்னாள்.

மற்ற ஐகான்கள் எப்படித் திரிந்தாலும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த அட்டையின் ஐகான்தான் அவரைக் கொன்றது. அவளுடைய ஸ்டூல் இருந்த இடம் திரையின் வலது கீழ் மூலை. தினமும் அது அங்கேதான், அவர் கைக்குப் பக்கத்தில், வந்து உட்கார்ந்தது. குப்பைத் தொட்டியில் போட்டார். காலையில் திரும்பி வந்திருந்தது. ஸ்டூலைத் தூக்கிப் பரணில் போட்டார். அதற்கும் அது அசையவில்லை.

கம்ப்யூட்டர் மெக்கானிக் மூன்று தடவை வந்தார். முதல் தடவை வைரஸ் என்றார், இரண்டாம் தடவை டிரைவர் கோளாறு என்றார். மூன்றாம் தடவை, ஐகான்களைத் தானாகவே வரிசையில் நிறுத்தும் ஆட்டோ அரேஞ்சில் டிக் போட்டு, "இனிமே உங்களக் கேக்காம ஒண்ணும் நகராதுண்ணே," என்றார். நகரவில்லை. ஐகான்கள் பெயர் வரிசையில் நின்றன. அன்று ஏழு பேரும் கடையில் இருந்தார்கள். அவர்களும் எழுந்து பெயர் வரிசைப்படி நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். அதன்பிறகு ஒருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. கடைசி நாற்காலியில் மாட்டிக்கொண்ட மருந்துக்கடைக்காரர், "கடையத் திறந்துபோட்டுட்டு வந்திருக்கேன்யா," என்று தவித்தார். "இன்னிக்குத்தான் நான் சொல்றத முழுசாக் கேக்கறீங்க," என்றார் கணக்கு வாத்தியார். இது ஒரு மணி இருபது நிமிஷம் நீடித்தது. டிக்கை எடுத்ததும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

"ஃபார்மேட் பண்ணிட்டா சுத்தமாயிடும்ணே," என்றார் மெக்கானிக்.

"அந்த மூலைல இருக்கறதும் போயிடுமா?"

"அதானே உங்களுக்குத் தொல்லை?"

வரிசைக்காரர் மெக்கானிக்கின் பையை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்க கிளம்புங்க தம்பி," என்றார்.

எல்லோரும் போன பிறகு, அட்டை அடித்த நாளுக்கு அப்புறம் முதல்முறையாக அந்த ஃபைலைத் திறந்தார். அவள் படம் இருந்தது. தப்புக் கண்டால் அவள் நிறுத்திவைக்கிற மாதிரியே, பதினொன்றுக்கு முன்னால் கர்சர் நின்று துடித்துக்கொண்டிருந்தது. அதை ஒன்பதாக்கினார். ஒரே ஒரு அட்டை அச்சடித்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏழு பேரும் வந்தார்கள். யாரும் சொல்லியனுப்பவில்லை, வீட்டில் கிடந்த அட்டையில் ஒன்பது என்றுதானே போட்டிருக்கிறது என்றார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்து ஸ்டூல் இருந்த மூலையைப் பார்த்தபடி இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கணக்கு வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. பதினொன்றுக்கு எழுந்தார்கள். "கொஞ்சம் இளைச்சிருக்காங்க அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள் தையற்காரி. வரிசைக்காரருக்கு மட்டும் அந்த இரண்டு மணி நேரமும் வெறும் சுவர்தான் தெரிந்தது. அவர்தான் அன்றைக்கே ஒன்பது மணிக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டாரே. ஒருவருக்கு இரண்டு தடவை காட்டுவதில்லை போலிருக்கிறது.

அன்று மாலையே ஸ்டூலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துப் பழைய இடத்தில் போட்டார். ஐகான்கள் இன்றும் இடம் மாறுகின்றன. அவர் அடுக்குவதில்லை. புதிதாக வருகிறவர்கள் எங்கே உட்காரலாம் என்று கேட்டால் திரையைப் பார்த்துச் சொல்கிறார். போன வாரம் வந்த ஒருவர் கேட்காமலே ஸ்டூலை இழுக்கக் கை நீட்டினார்.

"அதுல ஆள் இருக்குங்க," என்றார் வரிசைக்காரர், தலையைத் திருப்பாமல்.

வந்தவர் கையை இழுத்துக்கொண்டார். ஸ்டூலைப் பார்த்து, "மன்னிக்கணும்மா, கவனிக்கல," என்று சொல்லிவிட்டு வாசலோர நாற்காலிக்குப் போனார்.