ஜோடி நாற்காலி

பால் திரிந்துகொண்டிருந்தது. காலை பத்தரை மணிக்கே கூடாரத்துக்குள் அடுப்படி வெக்கை. ஒவ்வொரு ஜோடி நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் பாலும் மஞ்சள் தண்ணீரும், மேலே நாலு சாமந்தி இதழ், அதன்மேல் ஒரு ஈ. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதுமே புஷ்பவள்ளிக்குக் குமட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் அடித்துக்கொண்டு வந்த சென்ட் அதைவிடக் குமட்டியது.

பக்கத்தில் இருந்தவன் அவள் புருஷன் சுகுமாறன். புருஷன் என்று சொல்வது வெறும் பழக்கதோஷம்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ரவாங்கில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போனவன். போகிற நாள்வரை இடுப்பு வாரைக் கழற்றினால் பெண்டாட்டி, பிள்ளை என்று பார்க்காமல் விளாசியவன். இன்றைக்குப் புது வேட்டி கட்டி, கால்மேல் கால் போட்டு, கைப்பேசியைத் தடவிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு வந்தவனைப்போல் உட்கார்ந்திருந்தான்.

இவனைக் கூப்பிட்டது வேறு யாருமில்லை, அவளேதான். அதை நினைத்தபோது தன் கன்னத்தில் தானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது.

மகன் இருந்த முகாமிலிருந்து வாட்சாப்பில் தகவல் வந்திருந்தது. ‘நிறைவு விழாவில் பாத பூஜை நடைபெறும். பெற்றோர் இருவரும் ஜோடியாக வரவேண்டும். வேட்டி, சேலை கட்டாயம்.’ ஜோடி என்ற அந்த ஒரு சொல்லில்தான் அவள் வழுக்கி விழுந்தாள். பூஞ்சாக் ஆலாம் தொழிற்சாலையில் ஷிஃப்டு பார்த்து, தனி ஒருத்தியாகப் பிள்ளையை வளர்த்தவள். எவன் தயவும் வேண்டாம் என்று பேசித் திரிந்தவள். ஆனால் பூஜை, நாற்காலி, நாலு பேர் என்றதும் உள்ளே இருந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் பதறிவிட்டாள். எல்லாப் பிள்ளைக்கும் முன்னால் இரண்டு பேர், என் பிள்ளைக்கு முன்னால் மட்டும் ஒரு காலி நாற்காலியா என்று இரண்டு நாள் மருகினாள். மூன்றாம் நாள் அவன் எண்ணைத் தேடி அழைத்து, “ஒரு மணி நேரந்தாங்க. வந்து ஒக்காந்துட்டுப் போயிருங்க,” என்று கெஞ்சினாள். கெஞ்சிய வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவவேண்டும்.

முகாமைப்பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அதனால் அவள் மகன் தீபன் உருப்பட்டிருந்தான். அது பொய்யில்லை. பதினேழு வயது, நான்காம் படிவத்தோடு பள்ளியை விட்டான், மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தான், சாலை முனையில் ஒருத்தன் மண்டையை ஹெல்மெட்டால் பிளந்தான். நீதிமன்றத்தில் ஓராண்டு நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். இனி ஒருமுறை யார்மேலாவது கை வைத்தால் நேராகச் சீர்திருத்தப் பள்ளிதான் என்று மாஜிஸ்திரேட் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் பாகான் நக்கோடா ஓமார் பக்கத்தில், மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த இந்த ராணுவப் பாணி முகாமில் அறுபது நாளைக்கு அவனைக் கொண்டுவந்து விட்டாள்.

முதல்முறை பார்க்க வந்தபோது அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். இரண்டாம் முறை, “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டான். பிள்ளை அதைக் கேட்டு எத்தனை வருஷம்! அன்றைக்குத்தான், பழைய ராணுவக்காரரான பயிற்சியாளர் சார்ஜன் இராமையா சொல்லிக்கொடுத்த ஒரு வித்தையைக் காட்டினான். காலை அகட்டி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு நின்றான்.

“கோவம் வந்தா இப்டி நிக்கணும்மா. மலாயில பத்து வரைக்கும் எண்ணணும். பத்து வர்றதுக்குள்ள எறங்கிரும்.”

“எறங்குதாய்யா?”

“அன்னிக்கு ஒருத்தன் என் சாப்பாட்டுத் தட்டத் தட்டிவிட்டான். எட்டுலயே எறங்கிருச்சிலா,” என்று சிரித்தான். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அவள் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

சார்ஜன் செய்த நல்லதையெல்லாம் முகாம் தலைவர் நல்லசாமி இப்போது மேடையில் நின்று தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். பட்டு ஜிப்பா, கையில் மைக், மூன்று பக்கமும் கேமரா. கீபோர்டில் ஒருவன் ஒப்பாரி மாதிரி எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். முன் வரிசையில் கணவனை இழந்த ஒருத்தி, பாவம், அவர் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தாள். நல்லசாமி இறங்கி வந்தார். படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். “போட்டோவுக்குக் காலு ஏதும்மா? இன்னிக்கு நான்தான் உன் பிள்ளைக்கு அப்பா,” என்று சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கூட்டம் உருகியது. அந்தப் பெண் படத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கூசிப்போய் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் பச்சைப் புள்ளி உடுப்பில் அணிவகுத்து வந்தார்கள். நாற்பது பேரும் ஒரே காலடி. தீபன் மூன்றாவது ஆள். தோள் அகன்றிருந்தது, முகம் தெளிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.

கடைசி இரண்டு வாரம் முகாமில் கைப்பேசி கிடையாது. அப்பன் வருவது அவனுக்குத் தெரியாது. நடை தடுமாறவில்லை, ஆனால் முகத்திலிருந்த வெளிச்சம் சட்டென்று போய்விட்டது. அதைப் பார்த்தபோதுதான் தான் எவ்வளவு பெரிய மடத்தனம் செய்திருக்கிறோம் என்று புஷ்பவள்ளிக்கு உறைத்தது. இங்கே தீபன் கை நீட்டினால் போச்சு. நூறு பேர் சாட்சி, மூன்று கேமரா. அறுபது நாள் பட்ட பாடும் நாசம். சண்டைக்கு ஆளையும் அவளே கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறாள்.

“மண்டியிடுங்கள் செல்வங்களே! அப்பாவின் பாதத்தைத் தொடுங்கள். செய்த பாவத்தையெல்லாம் நினைத்து அழுங்கள்!” என்றார் நல்லசாமி. அவர் காலை யாரோ பெற்ற பிள்ளை கழுவிக்கொண்டிருந்தது.

தீபன் மண்டியிட்டான். சுகுமாறன் வேட்டியைத் தூக்கி இரண்டு காலையும் பேசினுக்குள் விட்டான். வெடித்த குதிகால், கறுத்த நகம். தீபன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தொடையைவிட்டு நகரவில்லை.

“என்னடா பாக்குற? கழுவு. காலைலேருந்து ஒக்காந்திருக்கேன்லா.”

சுகுமாறன் பல்லைக் காட்டிக்கொண்டு, பால் சொட்டும் கால் கட்டைவிரலால் மகனின் தாடையை நிமிர்த்தினான். “மூஞ்சப் பாரு. ரௌடிப் பயலுக்கு ரோசத்தப் பாரு.”

புஷ்பவள்ளி எழுந்துவிட்டாள். எழுந்ததே அவளுக்குத் தெரியாது.

“காலக் கீழ வைங்க.”

“என்னது?”

“அவன் மூஞ்சிலேருந்து கால எடுங்க. எந்திரிச்சிப் போங்க. நான் கூப்ட்டது தப்பு.”

சுகுமாறன் நாலு பக்கமும் பார்த்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஏண்டி, நீதானடி போன் போட்டுக் கெஞ்சுன?” என்று பேசினிலிருந்து ஈரக்காலோடு எழுந்தான். கை உயர்ந்தது. ஆறு வருஷம் கழித்தும் அந்தக் கைக்கு வழி மறக்கவில்லை.

அடி அவள்மேல் விழவில்லை. இடையில் தீபன் நின்றிருந்தான். பளார் என்று அவன் கன்னத்தில் விழுந்தது. கீபோர்டு நின்றது.

புஷ்பவள்ளிக்கு உயிரே போய்விட்டது. மகனின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஐயோ தீபா, வேண்டாம் என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் தீபன் காலை அகட்டினான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூட்டினான்.

“சாத்து,” என்று மலாயில் எண்ணத் தொடங்கினான். “டுவா.”

சுகுமாறன் இன்னொன்று வைத்தான். “தீகா,” என்றான் தீபன்.

நல்லசாமி துள்ளி எழுந்தார். மைக்கில் அவர் குரல் தழுதழுத்தது. “பார்த்தீர்களா பெற்றோர்களே! அப்பா அடித்தாலும் பணிந்து நிற்கிறான் பாருங்கள்! இதுதான் ஒழுக்கம்! இதைத்தான் இந்த முகாம் கொடுத்திருக்கிறது! கேமரா, கிட்டப் போப்பா, கன்னத்தை எடு!”

கூட்டம் கைதட்டியது. நல்ல மனிதர்கள், பிள்ளை பெற்றவர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள். கூடார ஓரத்தில் நின்ற சார்ஜன் இராமையா மட்டும் தட்டவில்லை. அவர் தீபனிடமிருந்து கண்ணை எடுக்காமல், உதடு அசைய, கூடவே எண்ணிக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டதும் சுகுமாறனுக்குத் தெம்பு வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, காலைப் பேசினுக்குள் விட்டான்.

தூ! இவர்கள் முகத்தில் காறித் துப்பினாலும் தகும். தீபன் எங்கே பணிந்தான்? முதுகுக்குப் பின்னால் பூட்டிய அந்த விரல்கள் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தன. நகம் வெளுத்து, ஒரு கை இன்னொரு கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

“இப்போது அப்பாவின் காலில் விழு, மகனே!” என்றார் நல்லசாமி.

“செம்பிலான்,” என்றான் தீபன். ஒன்பது. அதோடு நின்றுவிட்டான். கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, அடுத்த எண் வரவில்லை.

அவள் அவன் காதருகே போனாள். “பத்து சொல்லுய்யா.”

“எறங்கலம்மா,” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “பத்துக்கப்புறமும் எறங்கலன்னா என்ன செய்யணும்னு சார்ஜன் சொல்லித் தரல.”

புஷ்பவள்ளி அவனைத் தாண்டி முன்னால் வந்தாள். குனிந்து பேசினின் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சுகுமாறனின் கால் இரண்டும் தரையில் விழுந்தன. திரிந்த பாலையும் மஞ்சளையும் சாமந்தியையும் செத்த ஈயையும் அவன் புது வேட்டியோடு சேர்த்துக் காலில் கவிழ்த்தாள்.

“பத்து,” என்றாள். “கழுவியாச்சு. போடா.”

வெற்றுப் பேசினைச் சுகுமாறன் மடியில் வைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இறுகிக் கிடந்த மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலும் விட்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.