நூற்றிருபது பெருசு

போன மாதம் வரை என் வேலை வாயில்தான் இருந்தது. தளம் போடும்போது அடியில் பலகையைத் தாங்கி நிற்கும் இரும்பு ஜாக்கி வேண்டுமென்றால், வாடகைக் கடைக்காரருக்கு ஒரு போன். "அண்ணே, பெருசு நூத்தியிருபது." அவ்வளவுதான். பெருசு என்றால் தடித்தது. எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே வந்ததில்லை.

பிறகு தலைமை அலுவலகம் கொள்முதலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. இனி போனில் ஓர் ஆணிகூட வாங்கக்கூடாதாம். அரைநாள் பயிற்சி கொடுத்தார்கள். பாதி நேரம் பாஸ்வேர்டு மாற்றுவதிலேயே போனது. ஜாக்கி என்று தேடினால் சின்னது, நடுத்தரம், பெருசு என்று வந்தது. மூன்றுக்கும் ஒரே படம். நான் பெருசை அழுத்தினேன். யாரையாவது கேட்டிருக்கலாம். ஸ்டோர் கீப்பருக்கு ஜாக்கி தெரியாதா என்று சிரிப்பார்களே!

சரக்கு வந்தபோது சென்ட்ரிங் மேஸ்திரி மட்டும் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "என்னப்பா, நெட்டையா ஒல்லியா இருக்கு?"

"புது மாடல்ணே" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

இன்று காலை இரண்டாம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஏறிக்கொண்டிருந்தது. வந்த சரக்கைக் கம்ப்யூட்டரில் உறுதி செய்தால்தான் அடுத்த ஆர்டர் திறக்கும் என்பதால், அப்போதுதான் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தேன். 'பெருசு: உயரம் அதிகம். குழாய் மெல்லியது. கனமான தளங்களுக்கு ஏற்றதல்ல.'

அந்தத் தளத்துக்கு அடியில் ஜாக்கிகளைத் தட்டிப் பார்த்து இறுக்கிவிடும் வேலை என் மனைவியின் தம்பிக்கு. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

உடனே ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. ஆர்டரைத் திருத்தப் பார்த்தேன். 'மாற்ற முடியாது' என்று சிவப்பில் வந்தது. வெளியேறி, மறுபடி உள்ளே போய் அழுத்தினேன். அதே சிவப்பு. போனில் சொன்னதாக இருந்தால் கடைக்காரர் காதில் தப்பாக விழுந்தது என்று சொல்லித் தப்பித்திருப்பேன். இங்கே என் பெயர் பசை போட்டு ஒட்டினாற்போல் இருந்தது. அவசரத்தில் வேறெதையோ அழுத்தினேன். வெளியே கான்கிரீட் பம்பு உறுமிக்கொண்டே இருந்தது. அவன் தலைக்கு மேல் ஏறும் கனத்தை நினைத்ததும் கால் தானாக ஓடியது.

"பம்ப நிறுத்துங்க சார்! ஜாக்கி தப்பு! நான்தான் தப்பா வாங்கிட்டேன்!"

இன்ஜினியர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் கையைத் தூக்கினார். பம்பு நின்றது. மேலே இருந்தவர்கள் சாரத்து வழியாக இறங்கி ஓடினார்கள். நான் தளத்துக்கு அடியே, ஓரத்தில் நின்று உள்ளே குனிந்து கத்தினேன்.

"மாப்ள, வெளிய வா!"

"இருங்க மாமா, நடுவுல ஒண்ணு கோணுது. நிமுத்திட்டு வந்துடறேன்."

"அப்படியே விட்டுட்டு வாடா!"

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். என்னிடம் வந்து சேர்ந்து, "எதுக்கு இப்படி..." என்று ஆரம்பித்தான். அதற்குள் தளத்தின் நடுப்பகுதி மொத்தமாக உட்கார்ந்தது. சத்தத்தைவிட அதற்குப் பின் வந்த அமைதி பயமாக இருந்தது. மேஸ்திரி ஆட்களை இரண்டு தடவை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். நான் அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

"மாமா கத்தலன்னா நான் காலி" என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் அப்படிச் சொல்லச் சொல்ல, போதும்டா என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

என்ன ஜாக்கி வந்தது என்று பார்க்க இன்ஜினியர் என் அறைக்கு வந்தார். அவனும் கூடவே வந்தான். திரை திறந்தபடியே இருந்தது. ஆர்டருக்குக் கீழே, நான் அதுவரை கவனித்தே இராத சின்ன எழுத்தில் வரிசையாக ஓடியது. விவரம் திறக்கப்பட்டது, 10.04. திருத்த முயற்சி, 10.06. திருத்த முயற்சி, 10.08. கடைசி வரி 10.17. ஒவ்வொன்றிலும் என் பெயர்.

இன்ஜினியர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் மட்டும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"பத்து பத்து வரைக்கும் நான் வெளியதான் மாமா டீ குடிச்சிட்டு இருந்தேன்" என்றான்.