இருபத்தேழாவது முதல் அத்தியாயம்

பெண்கள் கூட்டமாக அலறிய சத்தம் கேட்டபோது ஸஹாப்தீன் முதலாளி மூன்று முழம் சீத்தைத் துணியை அளந்து, கத்திரிக்கோலை வைத்திருந்தார். கத்திரி கோணிக்கொண்டு போய்விட்டது. சத்தம் கடைக்குப் பின்னாலிருந்து, அவருடைய தங்கை றஷீதாவின் வீட்டிலிருந்து வந்தது. ஒரு குரல் இல்லை, பத்துப் பன்னிரண்டு குரல்.

பட்டப்பகல். வியாழக்கிழமை. பதுளை பஜாரில் அந்த நேரத்தில் ஈ ஓட்டுகிற கடைக்காரர்களே அதிகம். ஆகவே அத்தனை பேரும் எழுந்து ஓடி வந்தார்கள். எதிர்ச்சாரியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் புஹாரி, கையிலிருந்த கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்தான்.

“என்ன நானா, யாரு மவுத்து? ஒங்கட மச்சானா?”

“தெரியாது புஹாரி, தெரியாது!”

“யா அல்லாஹ்! காலையில என்ட கடையிலதானே நாலு ஆப்பம் திண்டுட்டுப் போனார்!” மச்சான் செத்துவிட்டார் என்று புஹாரி அதற்குள் முடிவு கட்டிவிட்டான். “கபன் துணி ஒங்கட கடையிலயே ஈக்கிது. ஆள் நல்ல உயரம். ரெண்டு முழம் கூடவே வெட்டச் சொல்லுங்க.”

சந்து வழியாக எல்லாரும் றஷீதாவின் முற்றத்துக்கு ஓடினால், அங்கே அந்த மச்சானே குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். “என்ன கூட்டம்? என்ட ஊட்டுல யாரு மவுத்து?” என்று அவர் எல்லாரையும் கேட்டார். புஹாரி அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்தான்.

ஸஹாப்தீன் வாசல் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். “றஷீதா! யாருக்கு என்ன?”

உள்ளே அழுகை சட்டென்று அடங்கியது. மூக்கைச் சிந்துகிற சத்தம். பிறகு றஷீதாவின் குரல்: “மெஹருன்னிஸா மவுத்தாகிட்டா, நானா.”

“எந்த மெஹருன்னிஸா?”

யாரோ ஒருத்தி அழுகையோடு சிரித்துவிட்டாள். “கதையில வார மெஹருன்னிஸா,” என்றாள் றஷீதா.

முற்றத்தில் நின்ற ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஸஹாப்தீன் சிரிக்கவில்லை. காரணம், மெஹருன்னிஸா அவருடையவள். அவர் பெற்ற பெண் என்றே சொல்லலாம். அவர் இன்னும் எழுதி முடிக்காத நாவலின் கதாநாயகி. அவளைச் சாகடிக்க அவர் யாருக்கும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கலியாணமான புதிதில், ‘நான் ஒரு நாவல் எழுதப்போறன்’ என்று ஸஹாப்தீன் பஜார் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நாவல் என்றால் பக்தாதில்தான் நடக்கவேண்டும் என்பது அவருடைய தீர்மானம். பதுளையில் என்ன இருக்கிறது? மழையும் அட்டையும் மாட்டுவண்டியும். ஆகவே முதல் அத்தியாயத்தில் பக்தாது வழியே ஓடும் திஜ்லா நதியை வர்ணித்தார். நதியின் இரண்டு கரையிலும் பேரீச்சை மரம் உண்டா, ஒரு கரையில் மட்டும்தானா என்ற சந்தேகம் வந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டார். அவர் மதீனாவைத் தாண்டியதில்லை. அந்தச் சந்தேகத்திலேயே இரண்டு வருஷம் போனது.

எப்படியோ இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் அத்தியாயம் என்று எழுதி, மெஹருன்னிஸாவைக் கப்பலில் ஏற்றிவிடுவார். ஏற்றியதும் முதல் அத்தியாயத்தை எடுத்துப் படிப்பார். பிடிக்காது. கிழித்துவிட்டு நதியிலிருந்து ஆரம்பிப்பார். இப்படி இருபத்தாறு முதல் அத்தியாயங்கள் ஆகியிருந்தன. இப்போது நடப்பது இருபத்தேழாவது. பஜாரில் அவர் காதுபடவே கேட்பார்கள்: “என்ன நானா, நதி இன்னம் வத்தல்லயா?”

ஒவ்வொரு தடவையும் எழுதியதை மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு மனைவி நூருல் இனாயாவுக்கு வாசித்துக் காட்டுவார். அவள் கீரை ஆய்ந்துகொண்டோ, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டோ கேட்பாள். “நல்லாயீக்கிது,” என்பாள். வேறு எதுவும் சொல்லமாட்டாள். அவரும் கேட்டதில்லை. அவளைத் தவிர வேறு யாருக்கும் அவர் வாசித்ததும் இல்லை.

அன்றைக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது இனாயா அவருக்கு முன்பே றஷீதா வீட்டிலிருந்து திரும்பிவந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அது புகையால் என்று சொல்லமுடியாது.

“கொண்டா,” என்றார்.

என்னது என்று அவள் கேட்கவில்லை. அரிசிப் பெட்டகத்துக்குள் கைவிட்டு ஏழு கொப்பிகளை எடுத்துவந்து வைத்தாள். எல்லாம் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதப் படிப்பிக்கும்போது அந்த எழுத்தை வாசிக்கவும் சொல்லிக்கொடுப்பார்கள்; எழுதமட்டும் சொல்லித் தரமாட்டார்கள். எழுதத் தெரிந்தால் யாருக்காவது எழுதுவாளே என்ற பயம்.

“நீ எப்ப எழுதப் படிச்ச?”

“பேருவளையில எங்கட உம்மா மவுத்தான வருசம். ஓதிக்கொடுக்கிற நளீரா சொல்லித் தந்தா.”

“அப்பிடியா,” என்றார் ஸஹாப்தீன். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கண் கொப்பிகளின் மேல் இருந்தது. ஏழு கொப்பி! கடைசிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், கீழே ஒரு கோடு போட்டிருந்தது. முடிந்துபோன கதைக்குத்தான் அப்படிக் கோடு போடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தக் கோட்டைப் போடுவதற்காகத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

“கப்பல்ல ஏத்திட்டு விட்டுட்டீங்க,” என்றாள் இனாயா, குற்றம் செய்தவள்போல. “அதுக்குப் பொறவு அவ எங்க போறா எண்டு றஷீதா கேட்டா. நான் சும்மா செல்லிப் பாத்தன். பொறவு மறந்துபோகாம எழுதினன்.”

விஷயம் புஹாரிக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாளே யோசனையோடு வந்துவிட்டான். “நானா, எழுதினது மதினியா இருந்தா என்ன? தொடக்கம் ஒங்கட. தமிழ் எழுத்துல மாத்தி, ஒங்கட பேரப் போட்டு அச்சுக்கு அனுப்புங்க. இனி எவனும் நதி வத்திச்சா எண்டு கேக்கமாட்டான்.”

ஸஹாப்தீனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது வயது நெருங்குகிறது. இருபத்தெட்டாவது முதல் அத்தியாயம் எழுதத் தெம்பு இல்லை. இனாயாவிடம் மெல்லச் சொன்னார். அவள், “போடுங்க, எனக்கென்னத்துக்குப் பேர்?” என்று சொல்லிவிட்டுக் கொப்பியை விரித்தாள்.

அன்றிலிருந்து லுஹருக்குப் பிறகு அவள் வாசிக்க, அவர் எழுதினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

முதல் இரண்டு நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. “கப்பலுக்குப் பாய் எத்தன எண்டு செல்லல்லயே,” என்றார். “அவ பாய எண்ணப் போகல்ல, சத்தியெடுத்துக்கொண்டு கிடந்தா,” என்றாள் இனாயா. அதற்குப் பிறகு அவர் பேசாமல் எழுதினார்.

கப்பல் கொழும்புக்கு வந்தது. மெஹருன்னிஸா ரயிலேறி, அப்போது ரயில்பாதை முடிந்த பண்டாரவளையில் இறங்கி, குதிரை வண்டிக்குக் கூலி இல்லாமல் பதுளைக்கு நடந்தாள். ஸஹாப்தீன் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். பக்தாது ராஜாத்தியைப் பதுளைச் சேற்றில் நடக்கவிட்டிருக்கிறாள்! ஆனால் அந்தச் சேறு காலில் ஒட்டியது. அவருடைய நதி ஒருநாளும் யார் காலையும் நனைத்ததில்லை. இது அவருக்கே தெரிந்தது.

மெஹருன்னிஸா வளையல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனாள். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பெண்கள் எப்படிப் பேசுவார்கள், கங்காணி எந்த வாசலில் நின்று அதட்டுவான், எல்லாம் கொப்பியில் இருந்தது.

“இதெல்லாம் ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமையில தோட்டத்துச் சனம் துணி எடுக்க வருதுதானே. பின்பக்கம் தண்ணி குடிக்க வாரவங்கள்ட்ட நான் கதைப்பன். நீங்க அளந்து குடுப்பீங்க.”

பிறகு கதையில் பதுளை பஜார்க் கடைக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். மெஹருன்னிஸாவுக்குத் தங்க இடம் கொடுக்கிறார், சோறு கொடுக்கிறார். பக்தாதிலிருக்கும் தன் நானாவுக்கு, அந்த அண்ணனே வந்து கூட்டிப்போகச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தரும்படி அவள் கேட்கிறாள். அவர் மைக்கூட்டைத் திறக்கிறார். காகிதத்தைத் தடவுகிறார். நல்ல தொடக்கம் ஒன்று வரட்டும் என்கிறார். மைக்கூட்டை மூடுகிறார். நாளைக்கு எழுதுவோம் என்கிறார்.

இனாயா இதைக் குரல் மாறாமல் வாசித்தாள். ஸஹாப்தீன் எழுதிக்கொண்டே வந்தவர், ‘நாளைக்கு’ என்ற இடத்தில் பேனாவை எடுத்துவிட்டார். காது இரண்டும் சுட்டது.

“யாரு இந்த ஆள்?”

“கதையில வார ஆள்.”

றஷீதா வீட்டில் உட்கார்ந்து அழுத பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கும் அந்த ஆள் யார் என்று தெரியும் என்பது அவருக்கு உறைத்தது. கடை வாசலால் போகும்போது அவர்கள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டது எதற்கென்றும் இப்போது விளங்கியது. மைக்கூட்டை மூடப்போனார். மூடும்போதுதான், தான் மூடுகிறோம் என்று தெரிந்தது. திறந்தபடியே வைத்துவிட்டு, “வாசி,” என்றார்.

கடிதம் போகவில்லை. மெஹருன்னிஸா மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி வளையல் மூட்டையைத் தூக்கினாள். தெமோதரை லயத்தில் காய்ச்சலாக விழுந்தாள். அங்கேயே முடிந்தாள். கோடு.

அந்தக் கடைசிக் கொப்பியை மட்டும் அவர் பெயர்த்து எழுதவில்லை. நாலு நாள் தள்ளிப்போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரெங்கம்மா சேலை எடுக்க வந்தாள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், வாய் ஓயாது. அன்றைக்குச் சேலையைப் புரட்டாமல் தயங்கி நின்றாள்.

“மொதலாளி, ஒங்க வீட்டம்மா ஒரு கதை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்த வளவிக்காரம்மா நம்ம லயத்துல காய்ச்சலா கெடக்குன்னு சொல்லி நிறுத்திப்புட்டாங்க. அப்புறம் ரெண்டு வாரமா நான் வரல. காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்பெல்லாம் பொம்பளைங்க அதத்தான் கேக்குறாளுங்க. பொழச்சிருச்சாங்க?”

ஸஹாப்தீன் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் என்று தோன்றுவதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது. “பொழச்சிட்டா.”

“மாரியாத்தா! எப்புடிங்க?”

“கடிதம் போயிட்டுது. அவவோட அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்.”

“அந்தக் கடைக்காரன் எழுதிட்டானாக்கும்? எழுதமாட்டான், வெறும்பயன்னுல்ல நாங்க வஞ்சுக்கிட்டு இருந்தோம்!” ரெங்கம்மா வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தாள். பேரம் பேசாமல் ஒரு சிவப்புச் சேலையை எடுத்துக்கொண்டு, சேதியைச் சுமந்தபடி மலையேறிவிட்டாள்.

அவள் போனதும் ஸஹாப்தீனுக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் வந்தது. சொன்னது சொன்னதுதான், அதை உண்மையாக்கிவிட்டால் போகிறது. இந்த நாவலில் அவர் செய்வதற்கு மிச்சமாக ஒரு காரியம் இருக்கிறது. பக்தாதும் நதியும் வேண்டாம், தன் பெயர்கூட வேண்டாம். மேலட்டையில் இனாயாவின் பெயரே இருக்கட்டும், பள்ளிவாசலில் யார் என்ன பேசினாலும் பேசட்டும். அந்தக் கடைக்காரன் உட்கார்ந்து அந்த ஒரு கடிதத்தை எழுதவேண்டும். எழுதினால் மெஹருன்னிஸா பிழைத்துக்கொள்வாள். கோட்டைத் தள்ளிப் போடலாம்.

கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே போனார். இனாயா சட்டிக்குள் மீன் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாயை விரித்து, காகிதத்தைப் போட்டு, மைக்கூட்டைத் திறந்தார்.

“இனாயா, இஞ்ச வா. அவ சாகத் தேவல்ல. நான் அந்தக் காயிதத்த எழுதிடறன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றதை அவள் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸஹாப்தீன் மேலே ‘அன்புள்ள நானா அவர்களுக்கு’ என்று எழுதினார். ஒரே வீச்சில் வந்துவிட்டது. அடிக்கவில்லை, திருத்தவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“செல்லு. அவ அந்தக் கடைக்காரன என்ன எழுதச் சொன்னா? கொப்பியில நீ அத எழுதல்லயே.”

அடுப்பில் மீன் கொதிக்கிற சத்தம் கேட்டது.

“செல்லு இனாயா, நீ செல்லச் செல்ல எழுதறன். ஒரு வரி விடமாட்டன்.”

“பேருவளையில எங்கட உம்மா மவுத்தாக முந்தி, அவவப் பாக்க நானாவ வந்து என்னக் கூட்டிட்டுப் போகச் செல்லி ஒங்கள்ட்ட ஒரு காயிதம் எழுதக் கேட்டனே, அதேதான், ஞாபகமீந்தா எழுதுங்க.”