நாத்தனார் சாகவில்லை

கோதுமையில் இலைக்கருகல் உண்டாக்கும் பூஞ்சைகளை முகத்தைப் பார்த்து எடைபோட முடியாது. நுண்ணோக்கியில் எல்லாம் அச்சடித்தாற்போல் ஒன்றுதான். இலையில் தெளித்தால்தான் குணம் தெரியும். ஒன்று பேருக்கு இரண்டு புள்ளி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இன்னொன்று இலையையே சுருட்டிவிடும். அவற்றுக்கு இட்ட எண்களை மாற்றி எழுதிக் குழம்பியே அலுத்துப்போய், எங்கள் ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் உறவுமுறையில் பெயர் வைத்துவிட்டேன். சாதுவான ஒன்று சித்தப்பா. இருப்பதிலேயே பொல்லாதது நாத்தனார். யோசித்தா வைத்தேன்? வாயில் வந்தது!

அந்த நாத்தனார்தான் ஃப்ரீசர் பழுதாகி உருகிப்போனாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் உருவாக்கிய புதுக் கோதுமையின் விதை உழவர்களுக்குப் போகவேண்டிய நேரம். அவளிடம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்காமல் எந்த முகத்தோடு கொடுப்பேன்? உருகியதையே எடுத்து, பழைய கோதுமை மேலும் புதியது மேலும் தெளித்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பழையது கருகினால் நாத்தனாருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வக உதவியாளர் போன் செய்தார். மாவு பிசைந்த கை, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம்! நாத்தனார் சாகலை மேடம்! நாமதான் அவசரப்பட்டு முடிவு கட்டிட்டோம்!"

"ஐயோ, நிஜமாவா? கொழுப்பு கொஞ்சம்கூடக் குறையலையா?"

"குறையறதாவது! பழசைக் கருக்கித் தள்ளிட்டாங்க!"

"அப்ப புதுசு?"

"அதை நான் சொல்லமாட்டேன். நீங்களே வந்து பாருங்க."

துள்ளிக்கொண்டு திரும்பினால், வாசற்படியில் என் கணவரின் அக்கா. விருந்துக்கு வந்திருந்த நிஜ நாத்தனார்.

"நான் எப்ப சாகக் கிடந்தேன்?"

உளறிக்கொட்டி விளக்கினேன். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"வண்டியை எடு. என்னை நான் பாக்கணும்."

செடி வளர்க்கும் கண்ணாடி அறையில் பழைய கோதுமை பழுப்பேறித் துவண்டு கிடந்தது. "இவ்வளவும் நானா?" என்றார் அண்ணி. முகத்தில் என்ன ஒரு பெருமை! பக்கத்துத் தட்டில் என் புதுக் கோதுமை பச்சைப்பசேலென்று நின்றது. ஊசிமுனைப் புள்ளிகள், அவ்வளவுதான். உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகியது.

அண்ணிக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னொரு தடவை தெளி. எனக்கு உடம்பு முடியாம இருந்திருக்கும்."

"பழசைப் பாருங்க அண்ணி. உங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

அவர் குனிந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். என் சமையலறையைச் சோதிக்கும் அதே பார்வை. ஒருவழியாக நிமிர்ந்தார்.

"விதையைக் குடுத்துடு. என்கிட்ட இத்தனை வருஷமா தாக்குப்பிடிச்சு நிக்கிறவ நீ ஒருத்திதான். இப்ப இதுவும் நிக்குது. இனி எந்தக் கொம்பன் வந்தாலும் நிக்கும்."